குக்ரி: 1971 டிசம்பர் 9, இரவு எட்டே முக்கால்



டிசம்பர் 4 வந்தால் நம் குழுக்களில் எல்லாம் கடற்படை நாள் வாழ்த்து வரிசையாக வந்துவிடும். 1971-ல் நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கிய நாள். கொண்டாட வேண்டிய நாள்தான். அதற்கு ஐந்து நாள் தள்ளி டிசம்பர் 9 வரும். அன்று யாரும் எதுவும் அனுப்புவதில்லை. அப்படியே அனுப்பினாலும், நாற்காலியில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கும் ஒரு கேப்டனின் படம், கீழே நாலு வரி வீர வசனம். அந்த நாலு வரியில் கேப்டன் இருக்கிறார், கப்பல் இல்லை. கப்பலில் இருந்த மற்றவர்களும் இல்லை.

ஆகவே இன்று கப்பலைப் பற்றி எழுதுகிறேன். நீளமான பதிவு. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் இது என்ன வகைக் கப்பல் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களைக் கூட்டம் கூட்டமாக மூழ்கடித்தன. சரக்குக் கப்பல்களுக்குத் துணை போக நாசகாரிக் கப்பல்கள் போதவில்லை. நாசகாரி என்பது வேகமும் பெரிய பீரங்கியும் உள்ள கப்பல். கட்ட நாளாகும், செலவும் அதிகம். எனவே நீர்மூழ்கியை வேட்டையாடுவதை மட்டுமே வேலையாகக் கொண்ட, சிறிய, மலிவான ஒரு கப்பலை வடிவமைத்து ஐந்நூறுக்கும் மேல் அமெரிக்கா கட்டித் தள்ளியது. அதற்குப் பெயர் டெஸ்ட்ராயர் எஸ்கார்ட். நாசகாரிக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேலைக்கான கப்பலை பிரிட்டிஷார் ஃபிரிகேட் என்றார்கள். பிறகு அமெரிக்காவும் 1975-ல் தன் எஸ்கார்ட்களை ஃபிரிகேட் என்றே பெயர் மாற்றிக்கொண்டது.

போர் முடிந்து சோவியத் நீர்மூழ்கிகளைப் பற்றிய பயம் வந்தபோது, பிரிட்டன் 1950-களில் இதே சிக்கன யோசனையில் ஒரு ஃபிரிகேட் செய்தது. பிளாக்வுட் வகை என்பார்கள். தங்களுக்குப் பன்னிரண்டு, நமக்கு மூன்று. நம் மூன்றும்தான் குக்ரி, கிர்பான், குதார். குக்ரி கூர்க்காக்களின் வளைந்த கத்தி. கிர்பான் சீக்கியர்களின் குறுவாள். குதார் என்பது கோடாலி. நிகண்டு படித்தவர்களுக்குக் குடாரம் என்ற சொல் நினைவுக்கு வரும், அதே சொல்தான்.

ஐ.என்.எஸ். குக்ரி இங்கிலாந்தின் வைட் தீவில், கௌஸ் என்ற ஊரில் ஜே. சாமுவேல் ஒயிட் நிறுவனத்தின் கப்பல் தளத்தில் கட்டப்பட்டது. 1958-ல் நம் கடற்படையில் சேர்ந்தது. நீளம் சுமார் 94 மீட்டர். விழுப்புரம் ஜங்ஷனில் நிற்கும் ரயிலில் நாலு பெட்டியை எண்ணிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். எடை 1,200 டன்னை ஒட்டி. ஒரே ஒரு சுழல் விசிறி. பெரிய பீரங்கி கிடையாது, மூன்று 40 மி.மீ. போஃபர்ஸ் துப்பாக்கிகள். முக்கிய ஆயுதம் லிம்போ என்ற மூன்று குழல் மோர்ட்டார். நீர்மூழ்கி இருக்கும் இடத்தை நோக்கி வெடிகுண்டுகளை எறியும். எறியும் தூரம் அதிகபட்சம் சுமார் 900 மீட்டர். இந்த எண்ணை மறக்க வேண்டாம், பின்னால் வரும்.

சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. இதே வகையைச் சேர்ந்த பிரிட்டிஷ் கப்பல்களை ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிப் படகுகளுக்குக் காவலாக அனுப்பினார்கள். வடகடல் அலையில் உடல் தாங்காது என்று கண்டு, பிறகு கப்பலின் உடம்பை வலுப்படுத்த வேண்டி வந்தது.

குக்ரியின் முதல் பதின்மூன்று ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1961-ல் கோவா விடுதலையின்போது விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்குத் துணையாக நின்ற கூட்டத்தில் இந்த மூன்று கத்திகளும் இருந்தன. 1965 போரில் பாகிஸ்தான் கப்பல்கள் வந்து துவாரகை மீது குண்டு போட்டுவிட்டுப் போயின. நம் கடற்படைக்கு எதிர்த்தாக்குதல் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்தக் குறை அதிகாரிகள் மனதில் ஆறு ஆண்டுகள் இருந்தது. 1971-ல் கராச்சி வரை போனதற்குப் பின்னால் அந்தக் குறையும் உண்டு என்பது என் கருத்து.

இப்போது எதிர்த்தரப்பு. பாகிஸ்தான் பிரான்சிடம் டாஃப்னே வகை நீர்மூழ்கிகள் மூன்றை வாங்கியது. ஹாங்கோர், ஷுஷுக், மாங்ரோ. குக்ரி சேவையில் சேர்ந்து பத்தாண்டு கழிந்த பிறகு வந்த புதுச் சரக்கு. இங்கே ஒரு சின்ன விஷயம், வகுப்பில் இருந்தால் கரும்பலகையில் எழுதியிருப்பேன். ஹாங்கோர் என்றால் வங்காள மொழியில் சுறா. ஷுஷுக் என்றால் கங்கையில் வாழும் ஓங்கில். வங்காளிகளை ஒடுக்கப் போய் நாடே இரண்டாக உடைந்த அதே போரில், வங்காளப் பெயர் தாங்கிய நீர்மூழ்கிதான் அந்த நாட்டுக்கு ஒரே பெரிய கடல் வெற்றியைத் தேடிக் கொடுத்தது.

ஹாங்கோரின் தலைவர் கமாண்டர் அகமது தஸ்னீம். நவம்பர் கடைசியிலேயே கராச்சியிலிருந்து கிளம்பி பம்பாய்ப் பக்கம் வந்துவிட்டார். டிசம்பர் 2-க்கும் 3-க்கும் இடைப்பட்ட இரவில் நம் மேற்குக் கடற்படையின் பெரிய கப்பல்கள் அவர் தலைக்கு மேலேயே போயின. சுடவில்லை. போர் இன்னும் தொடங்காததால் சுட அனுமதி இல்லை. மறுநாள் மாலையில் போர் தொடங்கிவிட்டது. பிறகு நீர்மூழ்கியின் குளிர்சாதனக் கருவி பழுதாகி, மேலே மிதந்துகொண்டே பழுது பார்த்தார்கள். இந்த நாட்களில் அது கராச்சிக்கு அனுப்பிய வானொலிச் சமிக்ஞைகளை நம் கரை நிலையங்கள் பிடித்துவிட்டன. டையூவுக்குத் தென்மேற்கே ஒரு நீர்மூழ்கி இருக்கிறது என்று தெரிந்துபோனது.

அதை வேட்டையாடப் போகச் சொல்லி 14-ஆவது ஃபிரிகேட் பிரிவுக்கு உத்தரவு. மூன்று கத்திகளில் குதாருக்குக் கொதிகலன் பகுதியில் விபத்து ஏற்பட்டு, அது களத்திலேயே இல்லை. ஆகவே குக்ரியும் கிர்பானும் மட்டும் டிசம்பர் 8-ஆம் தேதி பம்பாயிலிருந்து கிளம்பின. பிரிவின் தலைவரும் குக்ரியின் கேப்டனும் ஒருவரே: மகேந்திரநாத் முல்லா. கோரக்பூரில் பிறந்தவர், அப்போது 45 வயது.

நீர்மூழ்கியை வேட்டையாடுவது என்றால் என்ன? சோனார் கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். எதிரே ஏதாவது இருந்தால் எதிரொலி வரும். கேட்க எளிது. ஆனால் கும்மிருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு தோப்புக்குள் திருடனைத் தேடிப் பாருங்கள். திருடன் நம் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே நம் டார்ச் வெளிச்சம் அவன் கண்ணில் பட்டிருக்கும். நாம் எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் நடக்கிறோம் எல்லாம் அவனுக்குத் தெரியும். சோனார் ஒலியும் அப்படித்தான். போய்த் திரும்பி வர வேண்டிய ஒலியை நாம் கேட்பதற்குள், போகும்போதே நீர்மூழ்கி கேட்டுவிடும். அதுவோ பேட்டரியில் ஓசையில்லாமல் மெதுவாக நகரும்.

இன்னொன்றும் உண்டு. கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவர்களுக்குத் தெரியும், மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், காலை நீட்டினால் அடியில் சில்லென்று இருக்கும். கடலிலும் அப்படி அடுக்குகள் உண்டு. டம்ளர் தண்ணீரில் கரண்டி வளைந்து தெரிவதுபோல, அடுக்கு மாறும் இடத்தில் ஒலி வளைந்து வேறு பக்கம் போய்விடும். நம்முடையதைப் போன்ற வெப்பக் கடல்களில் இது பெரிய தொல்லை. மேலே இருக்கும் கப்பலின் ஒலி கீழே பதுங்கியிருக்கும் நீர்மூழ்கியைத் தொடாமலேயே போய்விடலாம். குளிர்ந்த வட அட்லாண்டிக்கை மனதில் வைத்துச் செய்த கருவி, அரபிக்கடலில் தடுமாறியதில் ஆச்சரியம் இல்லை.

ஆக, எதிரி நம்மைப் பல மடங்கு தூரத்திலிருந்து கேட்கிறான். நாம் அவனைக் கேட்க வேண்டுமானால் கிட்டே போக வேண்டும். அடிக்க வேண்டுமானால் 900 மீட்டருக்குள் போக வேண்டும். அவனுடைய டார்பிடோவோ சில கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே வரும். முல்லாவுக்கு இது தெரியாமல் இல்லை. பிரிவின் தலைவர், தன் கருவிகளின் குறை அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் போனார்.

அன்று குக்ரி மெதுவாக, சுமார் 12 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கப்பலால் 27 நாட்டுக்கு மேல் ஓட முடியும். ஏன் மெதுவாக? சோனாரின் கேட்கும் தூரத்தைக் கூட்டுவதற்காக ஒரு இளம் மின்னியல் அதிகாரி உருவாக்கிய இணைப்புக் கருவியைக் கப்பலில் பொருத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வேகம் கூடினால் கப்பலின் சொந்த இரைச்சலே சோனாரின் காதை அடைத்துவிடும். மெதுவாகப் போனால் நன்றாகக் கேட்கும். ஆனால் மெதுவாகப் போகும் கப்பல் டார்பிடோவுக்குச் சுலபமான இலக்கு. கேட்பதா, தப்பிப்பதா? இரண்டும் ஒருசேரக் கிடைக்கவில்லை. பின்னாளில் கடற்படையின் வரலாற்றை எழுதிய வைஸ் அட்மிரல் ஹிரானந்தானி இந்த வேகப் பிரச்சினையை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவர் 1971-ல் மேற்குக் கடற்படையிலேயே பொறுப்பில் இருந்தவர்.

டிசம்பர் 9, வியாழக்கிழமை. டையூ கரையிலிருந்து சுமார் 40 கடல் மைல். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய்த் திரும்பி வரும் தூரம். ஹாங்கோர் அன்று காலையிலிருந்தே இரண்டு கப்பல்களையும் கவனித்துக்கொண்டிருந்தது. இரவு ஆனதும் சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, ஒலியை மட்டும் வைத்துக் குறி பார்த்தது. முதல் டார்பிடோ கிர்பானை நோக்கி. அது வெடிக்காமல் அடியில் போய்விட்டது. இரண்டாவது குக்ரியை நோக்கி.

இரவு எட்டே முக்கால் செய்திக்குக் கப்பலில் வானொலி வைத்திருந்தார்கள் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். செய்தி தொடங்கிய வேளையில் வெடித்தது. கப்பலின் அடியில், வெடிமருந்து அறைப் பக்கம். விளக்கு அணைந்தது. அடுத்தடுத்து வெடிப்பு. கப்பல் வலப்பக்கம் சாய்ந்து சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. இரண்டே நிமிடம் என்று பாகிஸ்தான் தரப்பு சொல்கிறது.

முல்லா பிரிட்ஜில் இருந்தார். கப்பலைக் கைவிடச் சொல்லி உத்தரவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களைத் தள்ளிக் கடலில் குதிக்க வைத்தார். தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டார். நீரில் மிதந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது அவர் பிரிட்ஜில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். மகாவீர் சக்கரம் இறப்புக்குப் பிறகு வழங்கப்பட்டது. கப்பலோடு கேப்டன் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கீழே அத்தனை பேர் மாட்டிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் எப்படி இறங்குவது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இது என் ஊகம். ஒரு வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போன எந்த ஆசிரியருக்கும் இந்த ஊகம் வரும்.

18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். மொத்தம் 194 பேர். பிழைத்தவர்கள் 67 பேர்.

ஏன் இவ்வளவு பேர்? எனக்கு இதைப் புரிய வைத்தவர் எங்கள் தெருக்காரர். அப்போது எனக்கு 13 வயது, விழுப்புரத்தில் எட்டாம் வகுப்பு. எங்கள் தெருவில் ஓர் அண்ணன் கடற்படையில் ஸ்டோக்கராக, அதாவது கொதிகலன் பிரிவில் இருந்தார். அவர் அம்மாவை நாங்கள் அத்தை என்போம். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது; வரும் இன்லேண்ட் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். அனுப்புநர் முகவரியில் கப்பல் பெயர், அதற்குக் கீழே பம்பாய்க் கடற்படை அஞ்சல் அலுவலகம். கப்பல் போன செய்தி ஊருக்கு வந்ததும் அத்தை பழைய கடிதங்களை எல்லாம் டிரங்குப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மூழ்கிய கப்பலின் பெயர் 'க'வில் தொடங்குகிறதாம், இவன் கப்பலும் 'க'தானே என்றார். உண்மைதான். குக்ரி, கிர்பான், குதார், கில்தான், கச்சல், கத்மத் என்று நம் கடற்படையில் அப்போது 'க' வரிசைக் கப்பல்கள் நிறைய. நான் ஒவ்வொரு கடிதமாக எடுத்து, எழுத்துக்கூட்டி, இது வேறு கப்பல் அத்தை, இதுவும் வேறு கப்பல் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பையன் தவறாகப் படிக்கிறானோ என்று தபால்காரரிடம் ஒரு முறை, பள்ளி ஆசிரியரிடம் ஒரு முறை என்று அதே கடிதத்தைப் படிக்கச் சொன்னார். அண்ணன் கையெழுத்தில் புதுக் கடிதம் வந்த பிறகுதான் அவர் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது.

அண்ணன் பிறகு விடுமுறையில் வந்தபோது நான் சுற்றிச் சுற்றி வந்து கேள்வி கேட்டேன். அவர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. கொதிகலன் அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும். போர்க்காலத்தில், ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் மற்ற அறைக்குப் போகாதபடி இரும்புக் கதவுகளை இறுக்கி மூடி வைப்பார்கள். மேலே வர ஒரே செங்குத்து ஏணி, ஒரு சிறிய மூடித் துவாரம். கப்பல் சாய்ந்தால் அந்த ஏணி சுவராகிவிடும், சுவர் தரையாகிவிடும். விளக்கும் இல்லை. "மேல வேலை பாக்குறவன் குதிப்பான். கீழ இருக்குறவன் ரெண்டு நிமிஷத்துல ஏணியத் தேடிப் பிடிக்கிறதே கஷ்டம்டா தம்பி" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அந்த 194 பேரில் பெரும்பாலோர் கேப்டனைப்போல முடிவு எடுக்க வாய்ப்புக்கூடக் கிடைக்காதவர்கள். வீரவசனப் படங்களில் அவர்கள் இல்லாததுதான் எனக்கு வருத்தம்.

அடுத்து கிர்பான். தோழக் கப்பல் கண்ணெதிரே மூழ்குகிறது, நின்று காப்பாற்றாமல் விலகிப் போய்விட்டது என்று சிலர் அந்தக் கப்பலைக் குறை சொல்வதுண்டு. இதற்குப் பதில் சொல்ல 1914-க்குப் போக வேண்டும்.

நம் பக்கத்தில் கெட்டிக்காரனை, பிடிபடாதவனை 'அவன் சரியான எம்டன்' என்போம். முதல் உலகப் போரில் சென்னைத் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டன், நமக்கெல்லாம் தெரியும். அந்த இரவு 1914 செப்டம்பர் 22. அதே செப்டம்பர் 22 காலையில், உலகின் மறுபக்கத்தில் வடகடலில் இன்னொன்று நடந்தது. யு-9 என்ற ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி அபூகிர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைத் தாக்கியது. கண்ணிவெடி என்று நினைத்து, கூட வந்த ஹோக், நீரில் தவிப்பவர்களைக் காப்பாற்ற நின்றது. நின்ற கப்பலை நீர்மூழ்கி அடித்தது. மூன்றாவது கப்பல் கிரெஸி. அதுவும் காப்பாற்ற நின்றது, அதையும் அடித்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று கப்பல்கள், 1,400-க்கும் மேற்பட்ட உயிர்கள். நீர்மூழ்கி இருக்கும் இடத்தில் நின்று ஆளைத் தூக்காதே என்ற கொடூரமான பாடத்தை உலகக் கடற்படைகள் எல்லாம் அன்றுதான் படித்தன.

கிர்பான் நின்றிருந்தால் 67 பேர் பிழைத்த கதையே இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஹாங்கோர் அதையும் குறி வைத்துக்கொண்டுதான் இருந்தது. விலகிய கிர்பான் மறுநாள் கச்சல் கப்பலோடு திரும்பி வந்தது. இரவெல்லாம் மிதந்தவர்களை அப்போதுதான் தூக்கினார்கள். மனிதனாக நின்று பார்த்தால் விலகியதைப் பொறுக்க முடியாது. கேப்டனாக நின்று பார்த்தால் வேறு வழியில்லை. இரண்டையும் ஒன்றாகச் சொல்லித்தான் இதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும்.

அடுத்த நாலு நாள் நம் கப்பல்களும் விமானங்களும் ஹாங்கோரைத் துரத்தின. நூற்றுக்கும் மேல் வெடிகுண்டுகள் போட்டார்கள். அது தப்பிக் கராச்சி போய்ச் சேர்ந்தது. கராச்சி மீது திட்டமிட்டிருந்த மூன்றாவது ஏவுகணைத் தாக்குதல் நடக்கவே இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பல் குக்ரிதான். அடுத்தது 1982-ல் ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் பெல்கிரானோ.

அதே வாரத்தில் நம் வங்கக் கடலில் கதை தலைகீழ். விக்ராந்தைத் தேடி சென்னைப் பக்கம் வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி, பிறகு விசாகப்பட்டினம் வாசலில் மூழ்கியது. 90-க்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்து வைத்துவிட்டு, பழைய ராஜ்புத் நாசகாரியை விக்ராந்த் போலப் பாவனை செய்ய வைத்தவர் கிழக்குக் கடற்படைத் தலைவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நம் நாகர்கோவில்காரர். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். காஸியில் இருந்தவர்களுக்கும் கராச்சி பக்கம் நம் ஏவுகணையில் மூழ்கிய கைபர் நாசகாரியில் இருந்தவர்களுக்கும் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்ன அம்மாக்கள் இருந்திருப்பார்கள். வரலாறு சொல்லிக்கொடுத்தவன் அதை விட்டுவிட்டுச் சொல்லக்கூடாது.

பழைய கருவியோடு அந்த இரண்டு கப்பல்களை அனுப்பியது சரியா? என்னிடம் படித்துக் கடற்படையில் சேர்ந்த ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு வந்திருந்தபோது இதைக் கேட்டேன். "சார், அன்னைக்கு அனுப்ப வேற கப்பலே கைவசம் இல்ல. நல்லதெல்லாம் கராச்சி வேலையில இருந்துச்சு" என்றான். ஓரளவு சரி. ஆனால் என் பார்வை கொஞ்சம் வேறு. நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதைவிடக் குறைவாகக் கேட்கும் கப்பலை அங்கே அனுப்பும்போது, மேலே தொடர்ந்து ரோந்து பறக்கும் விமானங்கள் முழுத் துணையாக இருந்திருக்க வேண்டும். அப்போது நம் கடற்படையிடம் நீண்ட நேரம் பறந்து நீர்மூழ்கி தேடும் சொந்த ரோந்து விமானங்கள் இல்லை. 1976-ல்தான் அந்தப் பொறுப்பு விமானப்படையிடமிருந்து கடற்படைக்கு வந்தது. 'சீ கிங்' ஹெலிகாப்டர்கள் அந்த ஆண்டுதான் வந்து சேர்ந்திருந்தன. வேட்டையில் அவையும் சேர்ந்தன, ஆனால் அது குக்ரி போன பிறகு. ஒரு கேப்டனின் வீரத்தை நாம் பேசிப் பேசி, அந்த வீரம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியைப் பேசாமல் விட்டுவிட்டோம் என்பது என் எண்ணம். இதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். கடற்படையில் இருக்கும் பிள்ளைகள் தாராளமாகத் திருத்துங்கள்.

பிறகு என்ன ஆயின இந்தக் கப்பல்கள்? கிர்பானும் குதாரும் புதிதாகத் தொடங்கப்பட்ட கடலோரக் காவல் படைக்குப் போயின. அந்தப் படையின் முதல் கப்பல்களில் அவையும் அடக்கம். ஹாங்கோர் 2006 வரை சேவையில் இருந்தது. இப்போது கராச்சியில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, பிள்ளைகள் உள்ளே ஏறிப் பார்க்கிறார்கள். தஸ்னீம் வைஸ் அட்மிரல் வரை உயர்ந்தார். கைபரும் குக்ரியும் கடலடியில்.

டையூவில் கடலைப் பார்த்த ஒரு மேட்டில், கண்ணாடிப் பேழைக்குள் குக்ரியின் சிறு மாதிரியை வைத்து நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். 1989-ல் கடற்படை ஒரு புதுப் போர்க்கப்பலுக்கு மறுபடியும் குக்ரி என்று பெயர் வைத்தது. அது 32 ஆண்டுகள் ஓடி 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றது. உடைத்து இரும்புக்கு விற்காமல் டையூவுக்கே கொடுத்துவிட்டார்கள், 2022 ஜனவரியில் அங்கே போய்ச் சேர்ந்தது. அதன் தோழக் கப்பலான புதுக் கிர்பானை 2023-ல் வியட்நாமுக்குப் பரிசாகக் கொடுத்தோம். ஆக, பழைய ஜோடியைப் போலவே புது ஜோடியும் பிரிந்துவிட்டது.

மேலும் படிக்க விரும்புகிறவர்களுக்கு: மேஜர் ஜெனரல் இயான் கார்டோசோ, பிழைத்தவர்களைத் தேடிப் பேசி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். அதே போரில் கண்ணிவெடியில் சிதைந்த தன் காலைத் தானே வெட்டிக்கொண்ட மனிதர் அவர். ஆங்கிலம்தான், ஆனால் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குஜராத் பக்கம் வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள் ஐந்தாறு பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். ராஜ்கோட்டிலிருந்தோ சூரத்திலிருந்தோ ஒரு ஞாயிற்றுக்கிழமை டையூ போனால், நினைவிடத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். முல்லாவின் படம் வேண்டாம், அது என்னிடம் நிறைய இருக்கிறது. பெயர்கள் பொறித்த கல் கண்ணில் பட்டால், கிட்டே போய் எழுத்துப் படிக்கிற மாதிரி எடுங்கள். அதேபோல் நம் தென்னாற்காட்டுப் பக்கம் எந்த ஊரிலாவது குக்ரியில் போனவரின் வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஊர்ப் பெயரை மட்டும் எனக்குத் தனியாகத் தெரிவியுங்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.